பங்காளி வீட்டு மோர்

...அந்த டம்ளரையும் தானே வாங்கிக் குடித்திருக்கலாம், வயிற்றில் இடமில்லை என்பதெல்லாம் ஒரு சாக்கா, காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் தன் பங்கும் புருசன் பங்குமாகக் குடித்து வேல்விழிக்கு அடிவயிறு கல்லாய்க் கனத்துக் கிடந்தது, இருந்தும் அந்தக் கடைசி வீட்டுக்காரம்மா விட்டால்தானே, "ஏனுங்க, அண்ணனுக்கு வெச்ச தண்ணியயும் நீங்களே குடிச்சுப்போட்டீங்க, இருங்க, இன்னொரு டம்ளர் கொண்டாறேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள், கொண்டுவந்தாள், அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். இந்த மனுசனும் குடித்தார். பாதி குடித்துவிட்டு வைத்தால் தலையா போய்விடும்? முழுசையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணிங்க, ஆத்துத் தண்ணிங்களா?" என்று விசாரிப்பு வேறு... இப்போது பார், ஏசி போட்டிருந்தும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சித்திரை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துவைத்து, பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் டிரைவர் ஜெபக்குமார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஊத்துக்குளி ரோட்டில் போகிற வருகிற லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க அவள் காது பழகியிருந்தது.

மகள் கீர்த்தனாவுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை வைக்கப் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போகவேண்டும், தாம்பாளத்தை இரண்டு பேரும் பிடித்துத்தான் நீட்டவேண்டும், ஒற்றை ஆளாய்ப் போய் நின்றால் அவர் எங்கே, உடம்புக்கு என்ன என்று ஊரே கேட்கும். போட்டோ எடுத்துப் போனில் அனுப்பினால் ஆகாதா அம்மா என்று கீர்த்தனா கேட்டாள், ஆகாது கண்ணு, அப்புறம் அவர்களும் போனிலேயே வந்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழுந்திரிக்கவும் ஆகாது. வாங்க என்பதற்கு அடுத்த வார்த்தை தண்ணி குடிங்க என்பதுதான், பகையாளி வீட்டில்தான் தொண்டையை நனைக்காமல் வருவார்கள். சுகர் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவள் அவளேதான். சுகர் மரியாதையான வியாதி, திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிற யாருக்குத்தான் சுகர் இல்லை, பெண் கொடுக்கவும் எடுக்கவும் அது குறுக்கே நிற்காது. ஆனால் நடந்தது என்ன? "சுகருங்களா, அடடா, அப்பக் காப்பி வேண்டாம், மோருல உப்புப் போட்டுக் கலக்கித் தர்றேன், வெயிலுக்கு நெம்ப நல்லது" என்றார்கள், போன இடமெல்லாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. தண்ணீர் ஒரு விஷம் என்றால் உப்பு இரண்டாவது விஷம், இரண்டையும் கலக்கிக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு அன்போடு நீட்டுகிறார்கள், யாரைக் கோபித்துக்கொள்வது?

அவருடைய அந்த இருமலை அன்றைக்கே வேறுமாதிரி நினைத்திருந்தால்... யார் நினைப்பார்கள், திருப்பூரை ஒட்டின நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன் இருமினால் பஞ்சு என்றுதான் நினைப்பார்கள், பார்க்கிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள், பஞ்சு தூசுங்க, வெல்லக்கட்டி தின்னுங்க, தொண்டை சுத்தமாகிவிடும். ஒரு வருசம் வெல்லம் தின்றார் மகுடேஸ்வரன். படுத்தால் இருமல் வரும், எழுந்து உட்கார்ந்தால் நிற்கும், படுத்தால் மட்டும் வருகிற பஞ்சு எந்த ஊர்ப் பஞ்சு என்று ஒருநாளாவது கேட்டாளா அவள்? செருப்பு வார் பதிந்த இடம் பாதத்தில் குழியாக விழ ஆரம்பித்த பிறகுதான் கோயமுத்தூருக்குப் போனார்கள், திருப்பூர் ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் நாலு தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும், அதனால் கோயமுத்தூர். அந்தச் சின்ன வயசு டாக்டர் பெண் படத்தைக் காட்டி, இருதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டது, ஹார்ட் ஃபெயிலியர் என்றாள். ஃபெயில் என்ற சொல்லைக் கேட்டதுமே வேல்விழிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "ஃபெயில்னா நின்னு போச்சுன்னு அர்த்தமில்லீங்கம்மா, முடியாம முடியாம ஓடிட்டிருக்குது, தண்ணிய வெளிய தள்ள அதால முடியல, அதுதான் கால்லயும் நெஞ்சுலயும் தேங்குது" என்றாள். தண்ணீர், காப்பி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். உப்பு ஒரு கிள்ளுதான். தேங்கிய நீரை இறக்க ஒரு மாத்திரை, அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. அப்புறம் இன்னொன்றும் கேட்டாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று. மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருடைய கூடப்பிறந்த அண்ணனும் அப்படித்தான், அம்பதைக்கூடப் பார்க்கவில்லை. இதைச் சொன்னதும் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "பசங்களுக்கும் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாத்துருங்க" என்றாள்.

எடுக்கவில்லை. கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேசையில் படுக்கவைத்து நெஞ்சில் பசையைத் தடவிப் பார்க்கவேண்டும், ஒன்றுமில்லை என்றால் சந்தோசம், ஏதாவது இருக்கிறது என்றால்? நிச்சயம் ஆன பெண். மாப்பிள்ளை வீட்டில் இந்த விசயம் காதில் விழுந்தாலே போதும், அப்பனுக்கு, தாத்தனுக்கு, பெரியப்பனுக்கு, அப்படியானால் பொண்ணுக்கும் இருக்குமோ என்று ஒரே ஒரு ஆள் வாய்விட்டுக் கேட்டால் போதும், பந்தக்கால் நடுவதற்கு முன்னாலேயே எல்லாம் சரிந்துவிடும். கல்யாணம் முடியட்டும், முடிந்ததும் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். அவரும் தலையை ஆட்டினார். ஒன்றும் தெரியாத கீர்த்தனா, அப்பாவுக்குச் சுகர் என்றே நம்பிக்கொண்டு, அவருக்காகச் சர்க்கரை போடாத கேக் எங்கே கிடைக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

அந்த மாத்திரை. அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து மோரைத் திட்டிக்கொண்டும் வெயிலைத் திட்டிக்கொண்டும் வருகிறாள். பத்திரிகை வைக்கக் கிளம்பிய முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் போனார், போன வீட்டிலெல்லாம் பாத்ரூம் எங்கேங்க என்று கேட்க வேண்டியதாயிற்று, ஒரு வீட்டில் தாம்பாளத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார், பொண்ணைப் பெத்தவனுக்கு இருப்புக்கொள்ளலீங்களா என்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்து போட்டுக்கறேன் என்றார். வந்து போட்டால் ராத்திரியெல்லாம் எழுந்து நடக்கவேண்டும், ஆகவே அதுவும் இல்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. இன்று காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மற்ற மாத்திரைகளையெல்லாம் பிரித்து வைத்தவள், அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் அட்டையிலிருந்து பிரிக்கவே இல்லை, அவர் ஏன் என்று கேட்பார் என்று ஒரு நிமிசம் காத்திருந்தாள், அவர் கேட்கவில்லை. நேற்று ராத்திரி சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். இன்றைக்கு ஒருநாள்தானே, ஊத்துக்குளியும் கணியூரும் முடிந்துவிட்டால் தூரத்து வீடுகள் எல்லாம் முடிந்தது, நாளையிலிருந்து ஒழுங்காகக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்றும் இதையேதான் சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, தெக்குத் தெருவுல்லா?" என்றான் ஜெபக்குமார். சாத்தான்குளத்திலிருந்து வந்து எத்தனை வருசமானாலும் அவன் பேச்சு மாறவில்லை. ஆமாம், அந்த வேப்பமரத்து வீடு. அவருடைய பெரியப்பா மகன் ஆறுச்சாமியின் வீடு. தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம் யாருடையது என்று ஆரம்பித்து, கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டில் முடிந்தும் மனசில் முடியாமல், அண்ணன் தம்பி முகத்தோடு முகம் பார்க்காமல் இருந்த வீடு. அவர் பையன் கல்யாணத்துக்கு இவர்களுக்கு அழைப்பில்லை. ஆனாலும் பெண் கல்யாணத்தில் பங்காளி நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று தோண்டுவார்கள், தோண்ட ஆரம்பித்தால் எதில் போய் நிற்குமோ? பெரியவர்களை விட்டுப் பேசிப் பார்த்ததற்கு ஆறுச்சாமி ஒரே பதில்தான் சொல்லியனுப்பினார், "அவன் என்ர ஊட்டுக்கு வந்து, என்ர கையால வாங்கி ஒரு வாய் குடிக்கட்டும், பந்தக்கால் நடறப்பவே நான் வந்து நிக்கறேன்." அதனால் இந்த வீட்டில் சுகரும் செல்லாது, தாகமில்லை என்பதும் செல்லாது, பொண்டாட்டி குடிப்பதும் செல்லாது. வாசற்படி மூன்றே படிதான், இரண்டாவது படியில் அவர் நின்று, வேட்டியைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, மூச்சை வாங்கிக்கொண்டதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

ஆறுச்சாமி எழுந்து நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. "வா தம்பி" என்றார், அவ்வளவுதான், அத்தனை வருசத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தைதான். அவர் மனைவி மயிலாத்தாள் ஓடிவந்து, "வா அம்மிணி, எளைச்சுப் போயிட்டியே" என்று வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாம்பாளத்தை நீட்டினார்கள், ஆறுச்சாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்புறம் மயிலாத்தாள் கொண்டுவந்தாளே, டம்ளரா அது, சொம்பு, விளிம்பு தட்டத் தட்ட மோர், மேலே வெண்ணெய் மிதந்துகொண்டு, ஆறுச்சாமி அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வேல்விழிக்கு வாய் முந்திக்கொண்டது, "மாமா, எனக்குக் குடுங்க, நெம்பத் தாகமா இருக்குதுங்க" என்று கையை நீட்டியேவிட்டாள். "உனக்கும் வருது அம்மிணி, இது அவனுக்கு" என்றார் ஆறுச்சாமி. தம்பி கையில் கொடுத்தார். "நம்ம எருமை மோர்தான். குடி." பாவி மனுசா, இந்த அன்பை இரண்டு வருசம் முன்னால் காட்டியிருந்தால் என்ன, அப்போது குடம் நிறையக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பாரே...

ஒரு வாய் போதும் என்று கண்ணாலேயே சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சொம்பைத் தூக்கினார், தொண்டைக்குழி ஏறி இறங்கியது, நிறுத்தவில்லை, மோர் மோவாயில் வழிந்து சட்டையில் விழுந்தது, நிறுத்தவில்லை, அடி வரைக்கும் போய்த்தான் கீழே வைத்தார். ஆறுச்சாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாக்கு நிறைவேறிவிட்டது, இனி ஒரு சொட்டுகூட வேண்டியதில்லை, எழுந்துவிடலாம் என்று அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதற்குள் மயிலாத்தாள், "இன்னும் எச்சா இருக்குதுங்க தம்பி" என்று பாத்திரத்தோடு வந்தாள். மகுடேஸ்வரன் சொம்பை அவரே நீட்டினார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இது மரியாதைக்குக் குடிப்பதில்லை, அண்ணனுக்காகவும் இல்லை, மகளுக்காகவும் இல்லை. தாகம். இத்தனை காலமாய்க் காலையில் ஒரு பாட்டிலை நிரப்பிவைத்து, இதுதான் இன்றைக்கு, பார்த்துக் குடியுங்கள் என்று அவள் அளந்து அளந்து கொடுத்துக் காயப்போட்ட தொண்டை அது. ராத்திரியில் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு படுத்திருப்பாரே, ஒருநாள்கூடத் தாகம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். முகத்தில் எவ்வளவு நிம்மதி. தட்டிவிடலாம் என்று நீண்ட கை பாதியிலேயே நின்றுவிட்டது, தட்டிவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதாலா, அந்த நிம்மதியைப் பார்த்ததாலா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முறுக்கு தின்னச் சொன்னார்கள், தின்றார். எருமையைக் காட்டினார்கள், பார்த்தார். "பந்தக்கால்ல இருந்து பொண்ணை அனுப்பிவிடற வரைக்கும் நானிருக்கேன், நீ சும்மா உக்காந்திரு தம்பி" என்று ஆறுச்சாமி கார்க் கதவைத் தானே திறந்துவிட்டார். கார் தெருமுனை திரும்புகிறவரை மகுடேஸ்வரன் கையை ஆட்டிக்கொண்டு, சிரித்த முகமாகவே இருந்தார். தெருமுனை தாண்டியதும் முன்னால் குனிந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி, சீட்டில் சாயவும் முடியாமல்... திருப்பூர் நெருங்க நெருங்க மூச்சில் ஒரு கொழகொழப்பு கேட்க ஆரம்பித்தது, சோறு கொதிக்கிற பானை மாதிரி ஒரு சத்தம், அந்தச் சத்தத்தை இதற்கு முன் அவள் கேட்டதில்லை. இருமினார். கைக்குட்டையில் நுரை. இளஞ்சிவப்பாக இருக்கிறதா, இல்லை, தாம்பாளத்துக் குங்குமம் துணியில் ஒட்டியிருக்கும், குங்குமம்தான்... கைக்குட்டையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிவிட்டாள், சட்டை நனைந்து சில்லென்றிருந்தது. வியர்வையா அது, வெயிலுக்கு வருகிற வியர்வை சூடாக அல்லவா இருக்கும்?

ஜெபக்குமார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவன் பாலம் ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். திரும்பி அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அம்மா, ஐயாவுக்கு ரொம்ப எளைக்குல்லா. இங்கன பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, விட்டுரட்டுமா? இல்ல கணியூருக்கே போவணுமா?" கணியூரில் மாப்பிள்ளையின் அத்தை சமையல் செய்து வைத்துக் காத்திருக்கிறாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான், கண் வேறு கழுகுக் கண், வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள், வந்தாலும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்பாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் வாசலிலேயே நிட்டிங்காரர் யாராவது நிற்பார், ஏனுங்க மகுடேஸ்வரனுக்கு என்ன என்று சாயங்காலத்துக்குள் நெருப்பெரிச்சல் முழுக்கப் பரவும், ராத்திரிக்குள் கணியூர் போய்ச் சேரும். கோயமுத்தூருக்கே விடச் சொல்லலாமா, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தாங்குவாரா? இப்போது மாத்திரையைப் போட்டால்? ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால்? பையைத் திறந்து துழாவினாள், மஞ்சள் தடவிய பத்திரிகைகள், வெற்றிலை, பாக்குப் பொட்டலம். எங்கே இருக்கும் மாத்திரை, சாப்பாட்டு மேசைமேல் அட்டையோடு கிடக்கும், அவள்தானே பிரிக்காமல் விட்டுவந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றான் ஜெபக்குமார். அவர் கையை உயர்த்தினார், பொறு என்பது போல. நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை, குனிந்தபடியே முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து, "பயப்படாத... அம்மிணி... கல்யாணம்... வரைக்கும்... தாங்கும்" என்றார். கணியூருக்கு விடச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

அதைக் கேட்டதும் வேல்விழிக்கு அப்பாடா என்றிருந்தது. நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது, வாயைத் தாண்டி, சத்தமாகவே. வந்த பிறகுதான்... எதற்கு வந்தது அந்த அப்பாடா? கல்யாணம் வரைக்கும் தாங்கும் என்றால் அப்புறம்? அந்த அப்புறத்தை ஒரு தடவையாவது நினைத்தாளா அவள், பாட்டிலில் தண்ணீர் அளந்தபோது, உப்பில்லாமல் குழம்பு வைத்தபோது, எழுந்து உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வைகாசி வைகாசி என்றுதானே ஓடியது மனசு, அதற்கு அந்தப் பக்கம் அவர் இருந்தாரா அவள் நினைப்பில்? இல்லை என்று பதில் வராது, வரக்கூடாது, இருபத்தெட்டு வருசம் கூடவே கிடந்தவள், அவளுக்கா... நிமிர்ந்தாள். மகுடேஸ்வரன் இன்னும் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூச்சை அவர் கேட்டிருந்தார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை அந்தக் கண்ணில், சரிதான் என்பது போல மெல்லத் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.